செத்தல் மிளகாயும் ஜனாதிபதித் தேர்தலும்

இலங்கையின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி நடைபெற்றபோது நான் அரைக்காற்சட்டை போட்ட பள்ளிச் சிறுவன். வாக்கு என்றால் என்ன, அபேட்சகர் என்றால் யார் என்பதெல்லாம் விளங்காத பருவம். ஆயினும் அன்று காலை, வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் ஆயுள் முழுவதும் மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் வைத்துச் சீவித்த என் அப்பு, தோட்டத்து இறைப்பை இடையில் நிறுத்திவிட்டு, கிணற்றடியில் கை கால் கழுவி, கோயிலுக்குப் போகும்போது மாத்திரம் உடுக்கும் வெள்ளை வேட்டியை உடுத்துக்கொண்டு வாக்களிக்கப் புறப்பட்ட காட்சி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் நினைவை விட்டு அகலவில்லை. திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்தவரிடம் என் அப்பா, "ஆருக்கு ஐயா போட்டனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பு தயங்கவேயில்லை. "கைக்குத்தான். அந்த மனுசன்ரை காலத்திலைதான் எங்கடை செத்தலுக்கும் வெங்காயத்துக்கும் ஒரு விலை இருந்தது" என்றார்.

கை என்பது ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அன்றைய சின்னம். அதில் நின்றவர் ஹெக்டர் கொப்பேகடுவ. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க நடத்திய அரசாங்கத்தில் விவசாய, காணி அமைச்சராக இருந்தவர். சிறிமாவோ அம்மையாரின் குடியியல் உரிமைகள் 1980இல் பறிக்கப்பட்டிருந்தமையால் அவருடைய ஸ்தானத்தில் இவர் நிறுத்தப்பட்டார். அந்த அரசாங்கம் தமிழருக்குச் செய்தவை இன்னின்னவை என்று பட்டியலிட்டால், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும், 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பும் முன்னால் வந்து நிற்கும். அவற்றை மறந்தவர் யாழ்ப்பாணத்தில் எவருமில்லை. ஆனால் அதே அரசாங்கந்தான் மிளகாயும் வெங்காயமும் கடல் கடந்து வருவதைக் கட்டுப்படுத்தியது; அதனால் எங்கள் செம்பாட்டுத் தறைகளில் விளைந்த செத்தல் மிளகாய் லொறி லொறியாகக் கொழும்புக்கு ஏறியது; ஓலை வீடுகள் இருந்த வளவுகளில் கல்வீடுகள் எழுந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கப்பலில் மலிவான மிளகாயும் வந்தது. ஆகவே, தமிழர் விடுதலைக் கூட்டணி தன் சார்பில் ஒருவரையும் நிறுத்தாதிருந்த அந்தத் தேர்தலில், தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளில் போட்டியிட்ட குமார் பொன்னம்பலத்துக்கு யாழ்ப்பாண மாவட்டம் நூற்றுக்கு நாற்பது அளவில் வாக்களித்தது என்றால், தென்னிலங்கைச் சிங்களவரான கொப்பேகடுவவுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. நாடு முழுவதிலும் 52.91 வீதம் பெற்று வெற்றியடைந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனவோ அங்கே மூன்றாம் இடத்தில் நின்றார்.

இந்தப் பழங்கதையை நான் இன்று எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தல் அண்மிக்கும்போதும் பத்திரிகைகளும், தொலைக்காட்சி விவாதங்களும், தேநீர்க் கடைகளும் ஒரே பாஷையில் பேசத் தொடங்குகின்றன: தமிழ் வாக்கு இவ்வளவு, முஸ்லிம் வாக்கு இவ்வளவு, தோட்ட வாக்கு இவ்வளவு, பௌத்த சிங்கள வாக்கு இவ்வளவு என்று, சந்தையில் கட்டி அடுக்கிய மூட்டைகளை எண்ணுவதுபோல எண்ணுகின்றன. எண்ணுவதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இத்தீவின் இரண்டு கோடிக்குச் சற்று மேற்பட்ட ஜனங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் சிங்களவர். இலங்கைத் தமிழர் நூற்றுக்குப் பதினொன்று. முஸ்லிம்கள் ஒன்பதுக்குச் சற்று மேல். இந்திய வம்சாவளியினராகப் பதியப்பட்ட மலையகத் தமிழர் நான்கு. ஆனால் இந்த எண்கள் முடிவைத் தருவதில்லை. அபேட்சகர் ஒருவர் எந்த வாசலுக்குப் போய்க் கேட்பது, எந்த வாசலைத் தாண்டிச் செல்வது என்று தீர்மானிப்பதற்கு உதவுகின்றன. அந்தத் தீர்மானமே பின்னர் தேர்தலின் முடிவாகிறது. ஒன்பது தேர்தல்களை உயிரோடு பார்த்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இதுதான்: கேட்டுப் பெற்ற வாக்கும் கணக்கில் எழுதிக்கொண்ட வாக்கும் எண்ணும்போது ஒன்றுபோலத் தோன்றினாலும், குணத்தில் வேறானவை.

முதலில் இந்தத் தேர்தலின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978ஆம் ஆண்டு யாப்பின்படி முழுத்தீவும் ஒரே தொகுதி. பருத்தித்துறையில் விழும் ஒரு வாக்கும் மாத்தறையில் விழும் ஒரு வாக்கும் சம நிறை உடையவை. வெற்றி பெறுவதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர ஏனையோருக்கு அளித்த வாக்குச்சீட்டுகளில் வாக்காளர் குறித்துள்ள இரண்டாம், மூன்றாம் விருப்புகளைப் பார்த்து அந்த இருவருக்கும் பகிர்ந்தளிப்பார்கள். சிங்கள வாக்குகள் இரு பெருங்கட்சிகளுக்கிடையே பிரியும் ஒரு நாட்டில், இப்படிப்பட்ட அமைப்பில், ஜனாதிபதியாக விரும்பும் எவரும் சிறுபான்மையினரிடம் வந்தே ஆகவேண்டும் என்று அப்போது பலர் வாதித்தார்கள். அந்த வாதம் ஓரளவு மெய்யாயிற்று, ஓரளவு பொய்யாயிற்று. எப்போது மெய், எப்போது பொய் என்பதே விசாரணைக்கு உரியது.

மலையகத்தை எடுத்துக்கொள்வோம். ஜனத்தொகையை இயற்கை தரும் எண் என்று கொள்ளலாம். வாக்காளர் தொகையோ சட்டம் தரும் எண். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்த மக்கள் அதே லயன் அறைகளில், அதே கொழுந்துக் கூடைகளோடு இருக்க, அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தன. வாக்கில்லாதவனின் வாசலுக்கு எந்த அரசியல்வாதி வருவான்? பாதையும் பாடசாலையும் வைத்தியசாலையும் அந்தத் தோட்டங்களுக்கு எவ்வளவு பிந்தி வந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு, வாக்குரிமை என்பது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் சடங்கன்று என்பது நன்றாக விளங்கும். 1964இல் சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரி ஆகிய இருவரும் அவர்களைக் கேளாமலே அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விடாமல் நெருக்கியதன் பேறாக 1988இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை அளிக்கும் விசேஷ சட்டம் ஒன்று நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுனவின் அச்சுறுத்தலால் பெருந்தொகையானோர் வாக்களிக்க வராத அந்தத் தேர்தலில், தொண்டமானின் ஆதரவோடு நின்ற ரணசிங்க பிரேமதாச 50.43 வீதம் பெற்றார். பாதியை மயிரிழையில் தாண்டிய அந்த வெற்றியில், நாற்பது ஆண்டுகளாக இடாப்புக்கு வெளியே நின்ற மக்களின் கைக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும் என்பதை வாசகரே நிதானித்துக் கொள்ளலாம். எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

இனி 2005. இதைப் பற்றி எழுதும்போது என் பேனா சற்றே நடுங்குகிறது. ஏனெனில் அன்று நான் வெறும் பார்வையாளனாக இருக்கவில்லை. ஆசிரியனாக இருந்த எனக்கு, நவம்பர் 17ஆம் திகதி, வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் அமைந்த வாக்களிப்பு நிலையத்தில் கடமை. விடியற்காலையில் போய் மேசைகளை அடுக்கி, இடாப்பை விரித்து, வெறும் பெட்டியைத் திறந்து காட்டி முத்திரையிட்டு, ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தோம். எட்டு மணியாயிற்று, பத்து மணியாயிற்று, நண்பகலாயிற்று. முற்றத்து வேம்பின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது. வீதியால் சைக்கிளில் போனவர்கள் எங்களைத் திரும்பிப் பாராமலே போனார்கள். எங்களுக்கு முன்னால் விரிந்து கிடந்த இடாப்பில் என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்தந்தையர் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒருவரும் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு அந்தப் பெட்டியை மூடி முத்திரையிடும்போது, பக்கத்திலிருந்த முதிய உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, "தம்பி, இதையும் பத்திரமாய்த்தான் கொண்டுபோக வேணும்" என்றார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை.

விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு நிலைப்பாடும் அதைச் சூழ்ந்திருந்த அச்சமும் வடக்கை வீட்டுக்குள் இருத்தின. யாழ்ப்பாண மாவட்டத்தில் பதியப்பட்டிருந்த 701,938 வாக்காளர்களில் வாக்களித்தவர்கள் 8,524 பேர், நூற்றுக்கு 1.21. கிளிநொச்சித் தொகுதியில் விழுந்தது ஒரே ஒரு வாக்கு. நாடு முழுவதிலும் மஹிந்த ராஜபக்ஷ பெற்றவை 4,887,152. ரணில் விக்கிரமசிங்க பெற்றவை 4,706,366. வித்தியாசம் 180,786. மஹிந்த பாதியைத் தாண்டியதோ இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளால். அன்றைய யாழ்ப்பாணத்தின் கால்வாசிப் பேர் வந்திருந்தாலும் முதலாவது எண்ணிக்கையில் அவருக்குப் பாதி கிடைத்திருக்குமா என்பது பெரிய சந்தேகம். மஹிந்த தம் பிரசாரத்தை எங்கே நடத்தினார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஜனதா விமுக்தி பெரமுனவோடும் ஜாதிக ஹெல உறுமயவோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, சமஷ்டி என்ற சொல்லையே நிராகரித்து, தெற்கின் கிராமங்களில் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டார். ரணிலோ வடக்கும் மலையகமும் முஸ்லிம்களும் தம் கணக்கில் இருப்பதாகவே நம்பினார். கணக்கில் இருந்தவர்கள் வரவில்லை, கேட்கப்பட்டவர்கள் வந்தார்கள். வராமல் இருப்பதும் ஒரு வாக்குத்தான் என்று சிலர் அன்று சொன்னார்கள். அந்த வாக்கு யாருக்கு விழுந்தது என்பதை அடுத்த நான்கு ஆண்டுகள் எங்களுக்குக் காட்டின. அந்த ஆண்டுகளில் என்னிடம் படித்த பிள்ளைகளுள் திரும்பி வராதவர்களை நான் அறிவேன். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி ஒரு பக்கம், யுத்தத்தை நடத்திய தளபதி மறுபக்கம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சரத் பொன்சேகாவை ஆதரிக்க, யாழ்ப்பாணத்தில் வாக்களிக்க வந்த சிறு தொகையினரும் அவரையே தெரிந்தார்கள். தெற்கு மஹிந்தவை 57.88 வீதத்தால் உயர்த்தி வைத்தது.

2015இல் நடந்தது வேறு. மூன்றாவது தவணைக்காக உரிய காலத்துக்கு முன்பே தேர்தலை அழைத்த மஹிந்தவுக்கு எதிராக, அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த மைத்திரிபால சிறிசேன வெளியேறி நின்றார். 2014 ஜூன் மாதத்தில் அளுத்கமையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த நெருப்பை அணைக்க வேண்டியவர்கள் வேளைக்கு வரவில்லை என்ற வேதனை முஸ்லிம் ஊர்கள் எங்கும் பரவியிருந்தது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைமை கடைசி நேரத்தில்தான் சிறிசேனவின் பக்கம் வந்தது. ஜனங்கள் அதற்கு முன்பே தீர்மானித்து முடித்திருந்தார்கள் என்பது கிழக்கில் எனக்குப் பழக்கமான நண்பர்கள் எல்லாரும் சொல்லும் செய்தி. தலைவர்கள் மக்களை அழைத்துப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதும் பல சந்தர்ப்பங்களில், மக்களே தலைவர்களை இழுத்துப் போகிறார்கள். மஹிந்தவும் யாழ்ப்பாணம் வந்து கேட்டார். தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசு மேலானது என்றொரு பழமொழியைச் சொல்லி, தெரிந்த பிசாசாகிய தமக்கே வாக்களியுங்கள் என்றார். கேட்பதற்கு வந்தார் என்பது உண்மை. ஆனால் பத்து ஆண்டுகள் கேளாதிருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் வந்து கேட்பதைக் கேட்பது என்று கொள்ளலாமா? யாழ்ப்பாணத்தில் சிறிசேனவுக்கு 74.42 வீதம், மட்டக்களப்பில் 81.62, வன்னியில் 78.47, நுவரெலியாவில் 63.88. வடக்குக் கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களில் அவருக்குக் கிடைத்த முன்னிலை மாத்திரமே, நாடு முழுவதிலும் அவர் வென்ற 449,072 வாக்கு வித்தியாசத்திலும் பெரியது. ஆயினும் அவர் பெற்ற அறுபத்திரண்டு இலட்சம் வாக்குகளில் மிகப்பெரும் பங்கு சிங்கள மக்களுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் கூடியதால் வந்த வெற்றி அது. ஒன்றை மாத்திரம் தூக்கிப் பிடிப்பது நியாயமாகாது.

அந்த முடிவிலிருந்து தோற்ற தரப்பு கற்ற பாடம் என்னவென்றால், சிறுபான்மையினரிடம் இன்னும் சிரத்தையாகப் போக வேண்டும் என்பதன்று. அவர்கள் இல்லாமலே பாதியைத் தாண்டும் வழியைத் தேட வேண்டும் என்பதே. 2019 ஏப்ரில் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அந்தப் பயம் தெற்கின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்திருந்த வேளையில், பாதுகாப்பு என்ற ஒரு சொல்லை மூலதனமாக வைத்து, தாமரை மொட்டுச் சின்னத்தில் கோத்தாபய ராஜபக்ஷ நின்றார். முப்பத்தைந்து பேர் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் அவர் பெற்றது 52.25 வீதம். யாழ்ப்பாணத்தில் அவருக்கு 6.24, அன்னத்தில் நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 83.86. ஒரே நாட்டில், ஒரே நாளில், ஒரே கேள்விக்கு இரண்டு தேசங்கள் விடையளித்ததைப்போல இருந்தது. அநுராதபுரத்து ருவன்வெலிசாயவின் முன்னிலையில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளாலேயே தாம் வென்றதை அவரே எடுத்துச் சொன்னார். தமிழ் வாக்கும் முஸ்லிம் வாக்கும் இனித் தேவையில்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். என் நண்பர் ஒருவர், "இனி எங்களைத் தேடி ஒருவரும் வரமாட்டினம்" என்று தொலைபேசியில் சொல்லி நெடுமூச்செறிந்தது எனக்கு இன்றும் கேட்கிறது.

ஆனால் அந்த முக்காற்பங்குக்குள்ளும் மனிதர் இருந்தார்கள். அந்த மனிதருக்கு வயலும் வயிறும் இருந்தன. விவசாயிகளுக்கு விலையின்றி உரம் தருவதாக வாக்களித்து வந்த கோத்தாபய, 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதியையே தடை செய்தார். அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் நெற்பயிர் மஞ்சளித்தது. நவம்பரில் தடை நீங்கியபோது அந்தப் போகம் கையை விட்டுப் போயிருந்தது. அடுத்த ஆண்டு பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, மின்வெட்டு. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். 1982இல் என் அப்பு செத்தல் மிளகாயின் விலையை நினைத்து வாக்களித்தது எப்படியோ, அப்படியே 2024இல் ரஜரட்டைக் கமக்காரனும் தன் நெல்லை நினைத்து வாக்களித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இனத்தின் பெயரால் எண்ணுகிற கணக்குகள் எதிலும் இந்த ஒற்றுமைக்கு இடமில்லை என்பதுதான் என் நீண்டகால மனக்குறை.

2019இல் அநுர குமார திசாநாயக்க பெற்றது 418,553 வாக்குகள், அதாவது 3.16 வீதம். ஐந்து ஆண்டுகளின் பின் அதே மனிதர் 5,634,915 வாக்குகள் பெற்றார். இடையில் இனங்களின் விகிதாசாரம் மாறிவிடவில்லை. மாறியவை வாழ்க்கையும், கேட்கும் விதமுமே. அவருடைய தேசிய மக்கள் சக்தி மாவட்டந்தோறும் மகளிர் மாநாடுகளைக் கூட்டியது. ஓய்வுபெற்ற படையினர், ஆசிரியர், மீனவர், கமக்காரர் என்று தொழில் தொழிலாகப் பிரித்துக் கூடிப் பேசியது. பெரிய மேடைகளைவிட, ஒரு வீட்டு முற்றத்தில் இருபது முப்பது பேர் நாற்காலி போட்டு அமரும் சிறு கூட்டங்களை அதிகமாக நம்பியது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லாதிருந்தும், அதன் தலைவர் வெளிநாடுகளுக்குச் சென்று அங்குள்ளவர்களைச் சந்தித்தார்; அவர்களுக்கு வாக்கில்லை, ஆனால் ஊரிலுள்ள தாய்க்கும் தம்பிக்கும் அவர்கள் தொலைபேசியில் சொல்லும் வார்த்தைக்கு மதிப்புண்டு. தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின்படி, ஓர் அபேட்சகர் ஒரு வாக்காளருக்காக 109 ரூபாய்க்கு மேற்படச் செலவிடலாகாது என்று தேர்தல் ஆணைக்குழு அந்தத் தேர்தலுக்கு எல்லை வகுத்தது. முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேசுவதற்கு அவ்வளவுகூடத் தேவையில்லை.

வடக்கிலும் அந்தத் தேர்தலில் மூட்டைகள் அவிழ்ந்தன. யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 32.60 வீதம், தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனுக்கு 31.39, எரிவாயு சிலிண்டரில் நின்ற ரணிலுக்கு 22.75; திசைகாட்டியில் நின்ற அநுரவுக்கு 7.29. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கத் தீர்மானித்தது. அரியநேத்திரனோ அதே கட்சியைச் சேர்ந்தவர். நுவரெலியாவில் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும் நிற்க, தோட்டத்து நாட்கூலி 1,700 ரூபாய் ஆகுமா ஆகாதா என்பதே லயன்களில் பேச்சாக இருந்தது. திசைகாட்டிக்கு வடக்கு அவ்வளவு குறைவாக அளித்ததற்குக் காரணமில்லாமலில்லை. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சென்று 2006இல் தீர்ப்புப் பெற்றது தேசிய மக்கள் சக்திக்குத் தலைமை தாங்கும் ஜனதா விமுக்தி பெரமுனதான் என்பதை எங்கள் சனம் மறக்கவில்லை. ஆயினும் இரண்டு மாதங்கள் கழிந்து, நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், அதே யாழ்ப்பாண மாவட்டம் தன் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. இது சரியோ பிழையோ என்ற வாதத்துக்கு நான் இப்போது போகவில்லை. யாழ்ப்பாணத்தான் இன்னாருக்குத்தான் போடுவான் என்று எழுதிவைத்தவர்கள் எல்லாரும் அந்த இரண்டு மாதத்துக்குள் தங்கள் ஏட்டைக் கிழிக்க வேண்டியதாயிற்று என்பதை மாத்திரம் சொல்கிறேன்.

அபேட்சகர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே ஒன்று. மாத்தறையில் சிங்களத்தில் சொல்வதையே யாழ்ப்பாணத்தில் தமிழில் சொல்லுங்கள். வீரசிங்கம் மண்டபத்தில் ஒரு வாக்குறுதி, ஹம்பாந்தோட்டை மைதானத்தில் அதற்கு நேர்மாறான வாக்குறுதி என்று இரண்டு பாஷைகளுக்கு இடையிலுள்ள திரையை நம்பிப் பேசிய காலம் முடிந்துவிட்டது; இன்று இரண்டும் ஒரே கைத்தொலைபேசியில் அடுத்தடுத்து ஓடுகின்றன. தமிழ் விஞ்ஞாபனத்தையும் சிங்கள விஞ்ஞாபனத்தையும் அருகருகே வைத்து ஒத்துப்பார்க்கும் பழக்கத்தை இரு மொழியும் அறிந்த இளைஞர்கள் தங்கள் கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு தேர்தலிலும் அகராதியும் கையுமாக இருந்து அதைச் செய்து வருகிறேன். வித்தியாசம் கண்ட இடங்களில்தான் அபேட்சகரின் உண்மை நெஞ்சம் எனக்குத் தெரிந்தது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு; அதற்குக் காரணமானது 2024 செப்டெம்பர் 22ஆம் திகதி நடந்த ஒரு காரியம். 1982 முதல் அதுவரை ஒருமுறையும் தேவைப்படாத இரண்டாவது எண்ணிக்கை அன்றுதான் முதன்முறையாக நடைபெற்றது. அநுரவுக்கும் சஜித்துக்கும் அல்லாமல் ஏனையோருக்கு விழுந்திருந்த செல்லுபடியான வாக்குகள் 3,321,666. அவ்வளவு சீட்டுகளையும் மீண்டும் எடுத்துப் புரட்டிப் பார்த்ததில், அந்த இருவருக்கும் சேர்ந்து கிடைத்த விருப்பு வாக்குகள் 273,131 மாத்திரமே. நூறு பேரில் எட்டுப் பேர். மற்றவர்கள் ஒரு புள்ளடியோடு நிறுத்திவிட்டார்கள், அல்லது அவர்களுடைய அடுத்த விருப்பும் போட்டியிலிருந்து நீங்கியவர்களுக்கே போயிற்று. நிராகரிக்கப்பட்ட சீட்டுகளோ 2019இல் 135,452 ஆக இருந்தவை 300,300 ஆகப் பெருகின. நான் போய்க் கேட்ட மேடைகளில், முதலாம் விருப்பைக் கேட்டவர்கள் பலர். இரண்டாம் விருப்பு என்றால் என்ன, அதை எப்படிக் குறிப்பது என்று நின்று நிதானமாகக் கற்பித்தவர் மிகச் சிலர்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். அதற்கிடையில் உங்கள் வீட்டிலுள்ள பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் போய்ப் பாருங்கள். ஒன்பது ஆசனங்கள் இருந்த யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இப்போது ஆறு, இடாப்பு சுருங்கியதன் விளைவு அது. தேர்தல் நாளன்று முதலாம் விருப்புக்கு நேரே 1 என்று எழுதிய பின், பேனாவைக் கீழே வைத்துவிடாமல், உங்கள் மனம் ஏற்கும் அடுத்தவருக்கு 2 என்றும், அதற்கடுத்தவருக்கு 3 என்றும் எழுதுங்கள். எழுதத் தெரியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், இன்றே ஒரு கடதாசியில் கட்டம் கீறிக் காட்டிக் கொடுங்கள்.